வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கலாமா?

போனஸ் கைக்கு வந்ததும் கடனில் கட்டுவதா, ஃபண்டில் போடுவதா? முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வையுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

30 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5% வட்டி என்றால் முதல் மாதத் தவணையான சுமார் 26,000 ரூபாயில் 21,250 வட்டிக்கே போய்விடுகிறது. ஆகவே ஆரம்ப ஆண்டுகளில் அசலில் கட்டும் தொகைக்குப் பலன் அதிகம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. தவணைத் தொகையை அல்ல, கடன் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு, 8.5% கடனை வைத்துக்கொண்டு 7% எஃப்.டி. போடுவது நஷ்டமே. பங்குச் சந்தை ஃபண்டு, பத்தாண்டு பொறுப்பவருக்கு மட்டும். பழைய வரி முறையில் இருப்பவர்கள் வட்டிக்கான 2 லட்சம் வரையிலான கழிவையும் கணக்கில் சேர்க்கவும். ஓய்வு நெருங்குகிறதா? தயங்காமல் கடனையே அடையுங்கள்.