கருவறையில் ஓர் அளவுகோல்

"ஆணா, பெண்ணா?" மாசாயில் எங்கள் குடியிருப்புப் பகுதியில் ஒரு பெண் ஸ்கேன் எடுத்துத் திரும்பினால் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "குழந்தை நன்றாக வளர்கிறதா?" என்பது அடுத்துதான் வரும். இந்த வரிசை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நான், இனப்பெருக்கப் பாடத்தை மலாய்மொழியில்தான் கற்றேன். அதைத் தமிழில் சொல்லும் முயற்சியாகவும் இதைக் கொள்ளலாம்.

தொடக்கம் ஒன்றே

குழந்தையின் பாலை முடிவுசெய்வது தந்தையின் விந்தணு. அது கொண்டு வரும் குரோமோசோம் எக்ஸ் என்றால் பெண். ஒய் என்றால் ஆண். பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளைக் கடிந்துகொள்வோர் இதை அறிய வேண்டும்.

ஆனால், முதல் சில வாரங்களில் இரு பாலுக்கும் வெளியுறுப்பு ஒன்றுபோலவே இருக்கும். கால்களுக்கு இடையே ஒரு சிறு புடைப்பு, அதன் இருபுறமும் மடிப்புகள், அவ்வளவுதான். ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு விந்தகம் உருவாகத் தூண்டுகிறது. இம்மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. விந்தகம் சுரக்கும் ஹார்மோனால் அப்புடைப்பு ஆண்குறியாக வளர்கிறது. மடிப்புகள் இணைந்து விதைப்பையாகின்றன. அச்சுரப்பு இல்லையெனில், அதே புடைப்பு கிளிட்டோரிஸாகவும் மடிப்புகள் வெளியிதழ்களாகவும் அமைகின்றன.

ஸ்கேன் எதை அளக்கிறது?

நம் காதுக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, அவற்றின் எதிரொலியைப் படமாக்குவதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கிளாஸ்கோவைச் சேர்ந்த மருத்துவர் இயன் டோனல்ட் 1958இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிகாட்டியது.

11 முதல் 13 வாரங்களில் இரு பாலுக்கும் புடைப்பின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, மருத்துவர் கோணத்தைப் பார்க்கிறார். கீழ்முதுகுத் தோலின் கோட்டிலிருந்து புடைப்பு 30 பாகைக்கு மேல் நிமிர்ந்திருந்தால் ஆண்; 10 பாகைக்குக் குறைவாக, ஏறக்குறைய இணையாக இருந்தால் பெண். இடைப்பட்டிருந்தால் உறுதியாகச் சொல்ல இயலாது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 11ஆம் வாரக் கணிப்பில் சுமார் 70 விழுக்காடே சரியாக இருந்தது. 12ஆம் வாரத்தில் அது 98 விழுக்காட்டைத் தாண்டியது. அவசரப்பட்டுக் கேட்டால் பதிலும் தவறலாம்!

பிந்திய மாதங்களில் ஆண்குறியின் நீளம் மில்லிமீட்டரில் அளக்கப்பட்டு, அந்த வாரத்துக்குரிய இயல்பான அளவோடு ஒப்பிடப்படுகிறது. எது இயல்பு என்பது வாரத்தைப் பொறுத்தது. 20ஆம் வாரத்தில் விதைப்பையில் விந்தகம் தென்படாவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அது வயிற்றிலிருந்து இறங்குவதே ஏழாம் மாதவாக்கில்தான்.

இவ்வளவு நுணுக்கமாக அளப்பது ஏன்? அட்ரினல் சுரப்பிக் கோளாறு ஒன்றில், பெண் கருவின் கிளிட்டோரிஸ் வழக்கத்தைவிடப் பெரிதாகும். இக்கோளாறின் கடுமையான வகையில், பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் உடலில் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். முன்பே ஐயம் எழுந்தால், பிறந்தவுடன் சோதித்துச் சிகிச்சை தொடங்கலாம்.

அறிவும் அறமும்

இதே கருவி வேறொன்றுக்கும் பயன்பட்டது. தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் 1991 கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் அங்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவிலேயே பெண்ணைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க, இந்திய நாடாளுமன்றம் 1994இல் சட்டம் இயற்றியது. கருவின் பாலைப் பெற்றோரிடம் தெரிவிப்பது அங்குக் குற்றம்.

கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும். ஸ்கேன் அறைக்குள் செல்லும் அக்காள்மாரும் அவர்களுக்குத் துணையாகச் செல்லும் நாமும் முதலில் கேட்க வேண்டியது, "டாக்டர், இந்த வாரத்திற்கு இந்த வளர்ச்சி சரியா?" என்பதே. ஆணா பெண்ணா என்பது அதன்பின் வரட்டும். எதுவாயினும் இனிப்பு வழங்குவோம்.