வாகனத் தரிப்பிடமும் குடிநீர்ச் சுரங்கமும்: ஒஸ்லோ மாநகரசபை முடிவெடுக்கும் முறை

வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தலாமா, நிறுத்தினால் எவ்வளவு கட்டணம், குழாயில் வரும் நீர் எங்கிருந்து பெறப்படுகின்றது, அதற்கான செலவை எவர் சுமக்கின்றனர் என்பன ஒஸ்லோவில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் நாள்தோறும் தொடும் விடயங்கள். இவை யாவும் ஏதோவொரு கூட்டத்தில் வாக்கெடுப்பின் மூலம் தீர்மானிக்கப்பட்டவை. ஆயினும் வீதியில் புதிய அறிவிப்புப் பலகை நாட்டப்பட்ட பின்னரே பெரும்பாலானோர் அம்முடிவை அறிகின்றனர். அவ்வேளையில் மாற்றுவதற்கு அதிகம் எஞ்சியிருப்பதில்லை. அண்மைய ஆண்டுகளில் இந்நகரில் எடுக்கப்பட்ட இரு பெரும் முடிவுகளைக் கூர்ந்து நோக்கினால், குடியிருப்பாளரின் குரல் எக்கட்டத்தில் பயன்தரும் என்பது தெளிவாகும்.

சபையும் நகர அரசாங்கமும்

பீஸ்தீரே என நோர்வேஜிய மொழியில் அழைக்கப்படும் ஒஸ்லோ மாநகரசபை 59 உறுப்பினர்களைக் கொண்டது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் அவர்களைத் தெரிவு செய்கின்றனர். 1986ஆம் ஆண்டு முதல் இந்நகர் நாடாளுமன்ற முறையைப் போன்றதோர் ஆட்சிமுறையைப் பின்பற்றி வருகின்றது. சபையின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு நகர அரசாங்கம், அதாவது பீரோதே, நிர்வாகத்தை நடத்துகின்றது. நம்பிக்கை இழக்கப்பட்டால் அது பதவி விலக வேண்டும்.

இலங்கையின் மாநகரசபைகளில் முதல்வரே நிர்வாகத்தின் தலைவர். அப்பழக்கத்தில் வந்தோர் ஒஸ்லோ முதல்வருக்கே மனு எழுத முற்படுவது இயல்பு. இங்கு முதல்வர் சபைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குபவர், நகரின் சார்பில் விருந்தினரை வரவேற்பவர். நிர்வாகப் பொறுப்பு நகர அரசாங்கத் தலைவரிடமும் துறைப் பொறுப்பாளர்களிடமும் உள்ளது. வீதிகளையும் தரிப்பிடங்களையும் நகரச் சூழல் திணைக்களமும், குடிநீரையும் கழிவுநீரையும் நீர், கழிவுநீர்த் திணைக்களமும் கவனிக்கின்றன. இவற்றுக்குக் கீழே 15 நகர்ப்பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 15 உறுப்பினர் கொண்ட நகர்ப்பகுதிக் குழு இயங்குகின்றது.

எழுநூறு தரிப்பிடங்கள்

2015ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர் தொழிற்கட்சி, சோசலிச இடதுசாரிக் கட்சி, பசுமைக் கட்சி ஆகியன இணைந்து நகர அரசாங்கம் அமைத்தன. றிங் 1 வீதிக்கு உட்பட்ட நகர மையத்திலிருந்து தனியார் கார்களை 2019ஆம் ஆண்டுக்குள் அகற்றுவது அவற்றின் உடன்படிக்கையில் இடம்பெற்றிருந்தது. வணிகர் அமைப்புகள் உடனடியாக எதிர்த்தன. வாடிக்கையாளர் வேறிடங்களை நாடிச் செல்வர் என்பது அவற்றின் அச்சம். பொருட்களை எவ்வாறு இறக்குவது, நடக்க இயலாதோர் எவ்வாறு மையத்தை அடைவது என்ற வினாக்களும் எழுந்தன.

இந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. கார்களை முழுமையாகத் தடைசெய்யும் எண்ணம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, றிங் 1க்குள் வீதியோரத்தில் இருந்த 700க்கும் மேற்பட்ட பொதுத் தரிப்பிடங்கள் 2017, 2018ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. அவ்விடங்களில் சைக்கிள் பாதைகளும் இருக்கைகளும் மரங்களும் வந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிடங்களுக்கும் பொருட்களை ஏற்றி இறக்குவதற்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. கட்டண வாகனக் கட்டடங்கள் தொடர்ந்து இயங்கின. முதலில் அறிவிக்கப்பட்டதும் இறுதியில் நடைமுறைக்கு வந்ததும் ஒன்றல்ல என்பது இங்கு கவனிக்கத்தக்கது. இடையில் கிடைத்த ஈராண்டுக் காலத்தில் பேசியவர்களின் தேவைகளே திட்டத்தில் இடம்பிடித்தன.

இதே காலத்தில், மையத்தைச் சூழ்ந்த குடியிருப்புப் பகுதிகளில் குடியிருப்பாளர் தரிப்பிட முறை 2017 முதல் படிப்படியாக அறிமுகமானது. கட்டணம் செலுத்தி அனுமதி பெற்றவர் அப்பகுதி வீதிகளில் நீண்ட நேரம் வாகனத்தை நிறுத்தலாம். அனுமதி என்பது ஓரிடம் நிச்சயம் கிடைக்கும் என்ற உறுதிமொழி அன்று. இது பலருக்கு ஏமாற்றம் தந்த விடயம்.

கண்ணுக்குப் புலப்படாத பெருஞ்செலவு

தரிப்பிடம் பற்றிய விவாதம் செய்தித்தாள்களை நிரப்பிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அதனைவிடப் பன்மடங்கு பெரிய விடயமொன்றும் சபையின் முன் இருந்தது. ஒஸ்லோவின் குடிநீரில் ஏறத்தாழ 90 வீதம் மாரிடால்ஸ்வன்னெ என்னும் ஒரே ஏரியிலிருந்து பெறப்படுகின்றது. கோடையில் அதன் கரைக்குச் செல்வோர் அங்கு நீராடுவது தடைசெய்யப்பட்டிருப்பதை அறிவர். அதற்குக் காரணம் இதுவே. எஞ்சிய நீர் பெரும்பாலும் நகரின் தென்கிழக்கே எல்வோகா நீர்நிலையிலிருந்து ஸ்குல்லெருட் சுத்திகரிப்பு நிலையத்தின் ஊடாக வருகின்றது. மாரிடால்ஸ்வன்னெ மாசடைந்தாலோ, ஓசெட் சுத்திகரிப்பு நிலையம் செயலிழந்தாலோ, நகரின் முழுத் தேவையையும் ஈடுசெய்ய வேறு வழியில்லை. ஆகவே 2028ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதிக்குள் முழுமையான மாற்று நீர் வழங்கலை ஏற்படுத்துமாறு நோர்வே உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை மாநகரைப் பணித்தது.

இதற்கெனத் தெரிவு செய்யப்பட்ட நீர்மூலம் தீரிஃபியோர்டன் ஏரியின் ஒரு கிளையான ஹோல்ஸ்ஃபியோர்டன். அங்கிருந்து நகரின் மேற்கிலுள்ள ஹூசெபி வரை ஏறக்குறைய 19 கிலோமீற்றர் நீளமான சுரங்கம், பாறையின் உள்ளே புதிய சுத்திகரிப்பு நிலையம், அங்கிருந்து நகரின் குழாய்களை இணைக்கும் வழிகள் என விரிந்த இத்திட்டத்தின் செலவு மதிப்பீடு பல பில்லியன் குரோணரால் உயர்ந்தது. 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது அரசியல் நெருக்கடியாக வெடித்தது. செலவு உயர்வு பற்றிய தகவலைச் சூழல், போக்குவரத்துத் துறைக்குப் பொறுப்பான லான் மாரீ பேர்க் உரிய காலத்தில் சபைக்கு அறிவிக்கவில்லை எனக் கூறி, சபையின் பெரும்பான்மையினர் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றினர். றேமண்ட் யோஹான்சன் தலைமையிலான நகர அரசாங்கம் முழுவதும் பதவி விலகியது. எதிர்த்தரப்பினரால் மாற்று அரசாங்கம் அமைக்க இயலாமையால், அதே மூன்று கட்சிகளும் புதிய துறைப் பொறுப்பாளருடன் மீண்டும் ஆட்சி அமைத்தன. சுரங்கப் பணியோ தொடர்ந்தது. செலவு கூடிற்று என்பதைக் காட்டிலும், அதனைச் சபை எப்போது அறிந்தது என்பதே அன்று அரசாங்கத்தை வீழ்த்தியது. மக்களின் பணத்தை மேற்பார்வையிடும் சபைக்குத் தகவலே கருவி என்பதால், இது சிறு வேறுபாடு அன்று.

இச்சுரங்கத்திற்கான பணம் நீர்க் கட்டணத்தின் மூலமே பெறப்படுகின்றது. நோர்வேயின் சட்டப்படி, நீருக்கும் கழிவுநீருக்கும் அறவிடும் கட்டணம் அச்சேவையின் உண்மையான செலவை விஞ்சக் கூடாது. மாநகரசபை அதில் இலாபம் ஈட்ட முடியாது. ஆனால் கடனின் வட்டியும் கட்டுமானத்தின் தேய்மானமும் அச்செலவில் அடங்கும். எனவே ஒரு சுரங்கத்தின் விலை பல பத்தாண்டுகளுக்கு வீடுகளின் பற்றுச்சீட்டில் தொடரும்.

இவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழர் செறிந்து வாழும் குரூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிற் பல கூட்டுறவு வீடமைப்புக்கு, அதாவது பொறெட்ஸ்லாகுக்கு, உரியவை. தனி வீட்டில் வசிப்பவருக்கு நீர்க் கட்டணச் சீட்டு நேரடியாக வந்து சேரும். பொறெட்ஸ்லாகில் வசிப்பவருக்கோ அது மாதாந்தப் பொதுச் செலவினுள் கலந்துவிடுகின்றது. பொதுச் செலவு உயரும்போது நிர்வாகக் குழுவைக் குறைகூறுவோர், அதன் ஒரு பகுதி மாநகரசபை மண்டபத்தில் முடிவானது என்பதை அறிவதில்லை. தரிப்பிட விடயத்தில் இது நேர்மாறாக அமைகின்றது. பொறெட்ஸ்லாகின் காணியிலுள்ள தரிப்பிடங்களும் வாகனக் கூடங்களும் மாநகரசபைக்கு உரியவை அல்ல. அவற்றின் கட்டணமும் பங்கீடும் குறித்து மாநகரசபைக்கு எழுதுவதில் பயனில்லை. ஆண்டுதோறும் யூன் முடிவுக்குள் நடைபெற வேண்டிய பொதுக்கூட்டமே அதற்குரிய இடம். அக்கூட்டத்திற்கு வருவோர் பெரும்பாலும் ஒரு சிறு அறைக்குள் அடங்குவர். அதனால் ஒவ்வொரு வாக்குக்கும் அங்கு நிறை அதிகம்.

எக்கதவு எப்போது திறக்கும்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். வார இறுதியில் தமிழ் வகுப்பு நடைபெறும் கட்டடம் ஒன்றின் முன்னுள்ள வீதியில் சைக்கிள் பாதை அமைக்கும் பொருட்டுத் தரிப்பிடங்களை நீக்கத் திட்டமிடப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். அது ஒழுங்குபடுத்தல் திட்டமாக முன்வைக்கப்படுமாயின், ஆகக் குறைந்தது ஆறு வாரங்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். திட்ட, கட்டடத் திணைக்களத்தின் இணையப் பதிவேட்டில் அதனைப் படித்து, எவரும் கருத்து எழுதலாம். நீண்ட கடிதம் தேவையில்லை. “எமக்குத் தரிப்பிடம் வேண்டும்” என்று நூறு பேர் எழுதுவதைவிட, சனிக்கிழமை காலை எத்தனை பிள்ளைகள் வருகின்றனர், எத்தனை பேர் பேருந்தில் வருகின்றனர், ஊன்றுகோலுடன் வரும் முதியோர் எங்கு இறங்குகின்றனர், ஏற்றி இறக்க எவ்வளவு நேரம் போதும் என ஒருவர் எழுதுவது திட்டமிடுவோருக்கு உதவும். நகர மையத்தில் இறக்குமதிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் கிடைத்தது இத்தகைய தேவைகள் எடுத்துரைக்கப்பட்டமையாலேயே.

நகர்ப்பகுதிக் குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கூட்டத்தின் தொடக்கத்தில் குடியிருப்பாளர் பேசுவதற்கெனத் திறந்த அரைமணி நேரம் ஒதுக்கப்படுவது வழக்கம். மாநகரசபையின் வரவு செலவுத் திட்டத்தை நகர அரசாங்கம் செப்டெம்பர் இறுதியில் முன்வைக்கின்றது. சபை அதனை டிசெம்பரில் நிறைவேற்றுகின்றது. இடைப்பட்ட வாரங்களில் சங்கங்களும் குடியிருப்பாளர் குழுக்களும் சபையின் குழுக்களைச் சந்தித்துத் தம் கோரிக்கையை நேரில் எடுத்துரைக்கலாம். டிசெம்பர் வாக்கெடுப்பின் பின்னர் வரும் கோரிக்கைக்குப் பணம் இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

குடியிருப்பாளர் முன்மொழிவு என்ற வழியும் சட்டத்தில் உண்டு. 300 பேர் கையொப்பமிட்டால், மாநகரசபை ஆறு மாதங்களுக்குள் அதுபற்றி ஒரு நிலைப்பாட்டை எடுக்க வேண்டும். கையொப்பமிடுவோர் நோர்வேக் குடியுரிமை பெற்றிருத்தல் அவசியமன்று, நகரில் வசித்தாற் போதும். ஆயினும் அதே தேர்தற் காலத்தில் சபை ஏற்கெனவே ஆராய்ந்து முடித்த விடயத்தை இவ்வழியால் மீண்டும் எழுப்ப முடியாது. காலந்தாழ்த்திச் சேகரித்த கையொப்பங்கள் ஆயிரமாக இருப்பினும் பயனளிக்காமற் போகலாம்.

ஒருவரைத் தனிப்பட்ட முறையில் பாதிக்கும் தீர்மானம் கிடைத்தால், முறையீட்டுக்குரிய காலம் பொதுவாக மூன்று வாரங்கள். அது தீர்மானத்தை அறிவிக்கும் கடிதத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

அடுத்த மாநகரசபைத் தேர்தல் 2027 செப்டெம்பரில் நடைபெறும். நோர்வேக் குடியுரிமை இல்லாதோரும், தேர்தல் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக நாட்டில் பதிவு செய்து வாழ்ந்திருப்பின், வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமையுடையர். ஒஸ்லோ வாக்காளர் இரு வாக்குச்சீட்டுகளை இடுகின்றனர்: ஒன்று மாநகரசபைக்கு, மற்றையது தமது நகர்ப்பகுதிக் குழுவுக்கு. கட்சிக்கு வாக்களிப்பதுடன், மாநகரசபைச் சீட்டில் விரும்பிய வேட்பாளரின் பெயருக்கு எதிரே குறியிட்டு அவருக்குத் தனிப்பட்ட வாக்கும் அளிக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் 2007இல் தமது 19ஆவது வயதில் இச்சபைக்குத் தெரிவானார், 2015இல் துணை முதல்வரானார். இரண்டாம் சீட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வீட்டுவாசலுக்கு அருகிலுள்ள வீதியைப் பற்றி முதலில் கருத்துக் கேட்கப்படுவோருள் அந்த 15 பேரும் அடங்குவர்.