பழைய கட்டடமும் பூசணமும்: சோதனைக்குப் பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை



நம்மில் பலருடைய கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருப்பவை. கீழே கடை, பின்கட்டில் கிடங்கு, மாடியில் குடும்பம். தாத்தா காலத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் கிளம்பும். மூட்டையைப் புரட்டினால் அடிச்சாக்கு மக்கியிருக்கும். மாடியில் பிள்ளைகளுக்கு இருமல் விடாது. இவை மூன்றும் பெரும்பாலும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள்.

இப்போது நகரங்களில் "வீட்டில் பூசணச் சோதனை செய்து தருகிறோம்" என்று கருவிகளோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனை என்ன, எப்போது அது தேவை, எப்போது வீண் செலவு, நம் சரக்குக்கு எந்தச் சோதனை கட்டாயம் என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

என் சொந்த அனுபவம்

எங்கள் கடையின் பின்சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். பொரிந்து உதிர்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் சிமெண்டு பூசி, பெயிண்டும் அடித்தேன். இரண்டே மழையில் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் கறுப்புப் பூசணம் படர்ந்தது. மாடியில் பேத்திக்கு இழுப்பு வந்ததும் பயந்து போய் ஒரு நிறுவனத்தாரை அழைத்தேன். நான்கு அறைகளில் காற்று மாதிரி எடுத்தார்கள். பத்து நாளில் அறிக்கை வந்தது. அதில் பூசண வகைகளின் பெயர்களும் எண்ணிக்கையும் இருந்தன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை.

பிறகு வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, சுவருக்குள்ள தண்ணி இறங்குது. வர்ற வழியை அடைக்காம எத்தனை பெயிண்டு அடிச்சாலும் நிக்காது" என்றார். மாடி மழைநீர் இறங்கும் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்திருந்தது. அறிக்கைக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை, குழாயை மாற்ற. எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்பதை நான் தாமதமாகக் கற்றேன். நீங்கள் முன்னதாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

பூசணம் வளர என்ன வேண்டும்?

பூசண வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு. வித்தே இல்லாத வீடு கிடையாது. அவை முளைத்துப் படர இரை வேண்டும், ஈரம் வேண்டும். மரம், சாக்கு, காகிதம், தூசி, தானியம் எல்லாமே அதற்கு இரைதான். எனவே நம் கைக்குள் அடங்குவது ஈரம் ஒன்றே. காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. கடலோர ஊர்களில் மழை நாளில் அது எட்டாத எண்தான். ஆனாலும் அளந்து பார்த்தால்தானே நிலவரம் தெரியும்? சில நூறு ரூபாயில் ஈரப்பதமானி கிடைக்கிறது. கிடங்கில் ஒன்று, மாடியில் ஒன்று மாட்டி வையுங்கள்.

நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிப்பதில்லை. 2015-இல் சென்னையிலும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களிலும் பல நாள் தண்ணீர் வடியாமல் நின்ற கடைகளுக்கு இந்த அவகாசமே கிடைக்கவில்லை.

பூசணமா, உப்பா?

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. சுவருக்குள் ஊறிய நீர் வெளியே வந்து உலரும்போது உப்பை விட்டுச் செல்லும். அதில் சிறிது வழித்துத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். பூசணம் கரையாது. கறுப்புப் புள்ளி அழுக்கா பூசணமா என்று ஐயமிருந்தால், அதன்மேல் ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசல் வையுங்கள். சில நிமிடங்களில் வெளுத்தால் பூசணம். அப்படியே நின்றால் அழுக்கு. உப்போ பூசணமோ, இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றே: சுவரில் ஈரம் இருக்கிறது.

நிறத்தை வைத்து அஞ்ச வேண்டாம். "கறுப்புப் பூசணம் விஷம், பச்சை பரவாயில்லை" என்று நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டியதே.

தொழில்முறைச் சோதனையில் என்ன செய்கிறார்கள்?

1. நேரில் பார்வையிடுதல். ஈரமானியைச் சுவரில் வைத்து எங்கே ஈரம் கூடுதல் என்று பார்ப்பது. வெப்பக் கேமராவால் மறைந்த கசிவைத் தேடுவது. பணத்துக்கு மதிப்புள்ள பகுதி இதுதான்.

2. மேற்பரப்பு மாதிரி. ஒட்டும் நாடாவாலோ பஞ்சாலோ புள்ளியிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது.

3. காற்று மாதிரி. சிறிய பம்பு மூலம் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஐந்து அல்லது பத்து நிமிடம் காற்றை உறிஞ்சி, சிக்கிய வித்துகளை எண்ணுவது. அதே நாளில் வெளிக்காற்றிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால்தான் இதற்குப் பொருள் உண்டு. வெளி மாதிரி எடுக்காதவரின் அறிக்கையை நம்ப வேண்டாம்.

4. வளர்ப்புச் சோதனை. ஊட்டத்தட்டில் வளரவிட்டு வகை காண்பது. இதற்கு ஒரு வார அளவு ஆகும். செத்த வித்துகள் இதில் தெரியா.

காற்று மாதிரி என்பது அந்தப் பத்து நிமிடத்தின் கணக்கு மட்டுமே. கதவைத் திறந்து வைத்தால் ஓர் எண், மூட்டையை உதறினால் வேறோர் எண். மேலும், வீட்டுக் காற்றில் இத்தனை வித்து வரை பரவாயில்லை என்ற வரம்பை அமெரிக்க அரசும் நிர்ணயிக்கவில்லை. ஆகவே எண்ணைக் காட்டி "ஆபத்து" என்று ஒருவர் சொன்னால், "எதனோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள்.

எப்போது சோதனை தேவையில்லை?

கண்ணுக்குப் பூசணம் தெரிகிறதென்றால் பெரும்பாலும் சோதனையே வேண்டாம். அமெரிக்க முகமையின் அறிவுரையும் இதுவே. எந்த வகையாயினும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்துவது, பூசணத்தை அகற்றுவது, உலர வைப்பது.

எப்போது தேவை?

பூசண வாடை அடிக்கிறது, ஆனால் இடம் தெரியவில்லை என்றால் சோதனை செய்யலாம். கட்டட உரிமையாளரோடோ இன்சூரன்ஸ் கம்பெனியோடோ வழக்கு என்று வந்தால் எழுத்து மூலமான சான்று வேண்டும். வீட்டில் கடும் ஆஸ்துமாவோ நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர் இருந்து மருத்துவர் கேட்டாலும் செய்யலாம். பெரிய அளவில் சுத்தம் செய்து முடித்த பின் சரிபார்க்கவும் இது உதவும்.

இதில் ஒரு வணிக நியாயம் உண்டு. சோதிப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தராசும் சரக்கும் ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதிரி போகும் ஆய்வகம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தின் வழியை நாமே கண்டறிதல்

ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் நின்றால் அறைக்காற்றின் ஈரம் படிகிறது. அங்கே தேவை காற்றோட்டம்.

சுவரின் அடியிலிருந்து மூன்று நான்கு அடி உயரம் வரை மட்டும் ஈரமென்றால் தரையிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து கீழே வழிந்தால் மாடித்தளமோ குழாயோ ஒழுகுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மெல்ல வெளியே விட்டு உலரும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப்போகும். நான் செய்த தவறு இதுதான். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையுமே பொருத்தம்.

பத்துச் சதுர அடிக்கு உட்பட்ட பூசணத்தை நாமே அகற்றலாம். என்-95 முகமூடி, கையுறை அணிந்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து முழுக்க உலர விடுங்கள். உலர்ந்த பூசணத்தை விளக்குமாற்றால் பெருக்கினால் வித்தெல்லாம் காற்றில் ஏறும். பிளீச்சிங்கை ஆசிட்டோடோ அம்மோனியா கலந்த பொருளோடோ சேர்க்கவே கூடாது, நச்சுப்புகை எழும்.

சரக்குக்குச் சோதனை: இதில் சிக்கனம் கூடாது

சுவர்ப் பூசணத்தின் வகை தெரியாவிட்டால் நஷ்டம் இல்லை. சரக்கில் பிடித்த பூசணம் வேறு கதை. மணிலா, மக்காச்சோளம், மிளகாய் வத்தல் ஆகியவற்றில் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சிறு அளவில் நெடுநாள் உடலுக்குள் போனால் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

இந்த நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. வறுத்தால் ஓரளவு குறையும், முற்றிலும் போகாது. பூசணத்தைத் துடைத்து, வெயிலில் காயவைத்துப் பளபளவென்று ஆக்கினாலும் பருப்புக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயே இருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். பூசணம் பிடித்த கடலையைக் காயவைத்து எண்ணெய்ச் செக்குக்குத் தள்ளிவிடுவது நம் தொழிலில் பழைய பழக்கம். முந்தைய வருடங்களில் நானும் அனுப்பியவன்தான். ஆலையில் காரமிட்டுச் சுத்திகரிக்கும் எண்ணெயில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கும். செக்கில் ஆட்டி அப்படியே விற்கும் எண்ணெயில் நீங்காது. மீதி பிண்ணாக்கோடு கறவை மாட்டுக்குப் போய், பாலிலும் வரும். அந்தப் பாலைக் குடிப்பது யார்? பேத்திக்காகச் சுவரைச் சோதித்த நான், ஊரார் பிள்ளைகளுக்கு அனுப்பியது என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். சுவரோரம் கெட்டுப்போன பதினோரு சிப்பத்தையும் குழி வெட்டிப் புதைத்தேன். நஷ்டம்தான், ஆனால் பேரேட்டில் எழுதித் தீர்க்கக்கூடிய நஷ்டம்.

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கிலோவுக்கு அனுமதிக்கப்படும் அஃப்ளடாக்சின் அளவு: மேற்கொண்டு பதப்படுத்தவிருக்கும் கடலையில் 15 மைக்ரோகிராம், நேரடியாக உண்ணும் கடலையில் 10, மசாலாப் பொருள்களில் 30. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணாலோ நாக்காலோ இதைப் பிடிக்க முடியாது. ஐயத்துக்கிடமான சரக்குக்கு ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இராது; ஆயிரத்தில் ஒன்றிரண்டு பருப்பிலேயே குவிந்திருக்கலாம். ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் முடிவு ஏமாற்றும். அடுக்கின் மேல், நடு, அடி என்று பல மூட்டைகளில் குத்தூசி போட்டு, எல்லாவற்றையும் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து, தேவையான அளவு வரும்வரை குறைத்து அனுப்ப வேண்டும்.

சரக்கு வாங்கும்போதே ஈரம் பாருங்கள். கடலைப் பருப்பில் 7 முதல் 8 சதவீதம், வத்தலில் 11, அரிசியில் 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது. நெல், மக்காச்சோளத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு: உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் தானியத்தோடு நன்கு காய்ந்த உப்பு இரண்டு தேக்கரண்டி போட்டு, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று பொருள்.

கிடங்கு ஒழுங்கு

மூட்டைகளைத் தரையில் போடாமல் மரக்கட்டைகளின்மேல் அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்; அந்த இடைவெளியில்தான் காற்றும் நடமாடும், உங்கள் கண்ணும் நடமாடும். முந்தி வந்த சரக்கு முந்திப் போகட்டும். வெளியே மழையும் ஈரக்காற்றும் இருக்கும்போது சன்னலை மூடி, வெயில் ஏறியபின் திறந்துவிடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் மாடித்தளம், மழைநீர்க் குழாய், சாக்கடை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. என் கிடங்கில் இன்றைய ஈரப்பதம் எத்தனை?
2. சுவர் ஈரம் தரையிலிருந்தா, மாடியிலிருந்தா, காற்றிலிருந்தா?
3. சோதனைக்கு வருபவர் வெளிக்காற்று மாதிரி எடுக்கிறாரா? சுத்தம் செய்யும் வேலையையும் அவரே கேட்கிறாரா?
4. பூசணம் பிடித்த சரக்கு என் கடையை விட்டு எங்கே போகிறது?

முதல் மூன்றுக்கு விடை தெரியாவிட்டால் பணம் போகும். நான்காவதற்கு விடை சொல்லத் தயங்கினால் போவது நம் வாடிக்கையாளரின் உடல்நலம். சுவரைச் சோதிக்கும் செலவைக் குறைத்து, சரக்கைச் சோதிப்பதில் போடுங்கள். கடைக்கு அதுவே முதல்.