தேய்ந்த கொழுவைப் புதுப்பித்தல்

சித்தன்னவாசல் என்றவுடன் தாமரைக்குள ஓவியமே யாவர் நினைவிற்கும் வரும். அவ்வோவியம் உள்ள அறிவர் கோயிலில் கல்வெட்டு ஒன்றும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபத்தையும் எடுப்பித்தார் என்பது அது தரும் செய்தி. பழையதைக் கைவிடாமல், வேண்டியதை அதனோடு சேர்க்கும் அம்முறை நம் கொட்டிலில் கிடக்கும் கொழுவுக்கும் பொருந்தும்.

இப்பகுதியில் சரளை கலந்த செம்மண் மிகுதி. அது சாணைக்கல்லைப்போல் இரும்பை அரைத்துவிடுகிறது. கொழுவின் மூக்குத் தேய்ந்தால் ஏர் ஆழ இறங்காது. மாட்டுக்கும் டிராக்டருக்கும் வீண் பாரம். முன்பு கொல்லர் அதனைக் காய்ச்சி அடித்து நீட்டித் தந்தார். இன்று பல ஊர்களில் உலை அணைந்துவிட்டது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய வெல்டிங் பெட்டி அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். ஆனால் இரும்பின் குணம் அறியாது பற்றவைத்தால், உழவு நடுவே கொழு ஒடியும்.

இரும்பை அறிதல்

முதலில் கருவியைச் சாணையில் சற்றே தேய்த்துப் பொறியைக் காண்க. நீண்ட கோடுகளாய்ச் சில கிளைகளே பிரிந்தால் அது மெல்லிரும்பு. பூப்போல் வெடித்து மிகுதியான கிளைகள் தோன்றினால் கரி மிகுந்த எஃகு. லாரியின் வில்பட்டை இவ்வகையே. பொறி சிவந்து குறுகி அடங்கினால் வார்ப்பிரும்பு.

மெல்லிரும்பைச் சாதாரண 6013 எண் குச்சியால் ஒட்டலாம். 3.15 மில்லிமீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 100 முதல் 120 ஆம்பியர் போதும். எஃகுக்கு 7018 எண் குச்சி வேண்டும். அது நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, ஒட்டின் அருகே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். தறியின் பல்சக்கரம் முதலிய வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு நிக்கல் குச்சியும் நல்ல பழக்கமும் தேவை. கற்போர் அவற்றை விட்டுவிடுதல் நலம்.

மூக்கு வைத்தல்

மிகத் தேய்ந்த முனையை, பருமன் உள்ள இடம் வரை வெட்டி நீக்குக. வில்பட்டைத் துண்டை அதே வடிவில் அறுத்து, இரு விளிம்புகளையும் சரிவாகத் தேய்த்து, துருவும் எண்ணெயும் போக்குக. பின்னர் இரண்டையும் சூடாக்குக. துலக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் என அறியலாம். அவ்வெப்பம் குறையாமல் சிறு சிறு வரிகளாகப் பற்றவைத்து, ஒவ்வொரு வரியின் கசடையும் தட்டி நீக்குக. முடிந்ததும் தண்ணீரில் முக்கலாகாது. விரைந்து ஆறிய எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். காய்ந்த சாம்பலில் புதைத்து, முழுதும் ஆறிய பின்னரே எடுத்துச் சாணை பிடிக்க வேண்டும்.

அரிவாள், கோடரி ஆகியவற்றின் வாய் முழுதும் துவைச்சல் பெற்றது. வெல்டிங் சூட்டில் அது போய்விடும். அவ்வேலை கொல்லருக்கே உரியது. டிராக்டரின் இணைப்பு முள், பாரம் தூக்கும் சங்கிலி, பிரேக் பாகங்கள் ஆகியவற்றை வீட்டில் ஒட்டவே கூடாது. அவை முறிந்தால் போவது உயிர்.

காப்பு

முகக்கவசமின்றி ஒளியைப் பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அறுப்பதுபோன்ற வலி எழும். நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டமான திறந்த வெளியில் வேலை செய்க. வைக்கோற்போர் அருகிலும், எண்ணெய் இருந்த பீப்பாயின்மீதும் பொறி விழலாகாது. கலப்பையை டிராக்டரிலிருந்து கழற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தை இப்பணிக்கு எடுக்கலாகாது.

சங்கத்தின் பணி

ஆண்டில் சில நாள் மட்டும் தேவைப்படும் பெட்டியை ஒவ்வொருவரும் வாங்குதல் வீண். தமிழகத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ஆம் ஆண்டு திரூரில் தோன்றியது, தனியொருவருக்கு எட்டாததைப் பலர் கூடி எட்டுவதற்காகவே. ஒரு பெட்டி, இரண்டு முகக்கவசம், தோலுறை, ஒரு சாணை ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுவுடைமையாக்கலாம். ஊரில் கொல்லர் குடும்பம் இருப்பின், அவர்களுள் ஒருவருக்கே பயிற்சி தந்து கூலி கொடுத்து அமர்த்துதல் நன்று. சூட்டின் நிறம் பார்த்து எஃகின் நிலை சொல்லும் அறிவு அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது. அணைந்த உலைக்குப் பதில் ஒரு பிழைப்பும் கிடைக்கும்.

அடுத்த உழவுக்கு முன் நம் கொட்டிலைத் திறந்து, பழைய கொழுக்களைப் பிரித்துப் பார்ப்போம். மிக மெலிந்ததைக் காயலானுக்குக் கொடுப்போம். உடம்பில் வலு உள்ளதற்கு மூக்கு வைப்போம்.