பவர் டில்லர்: பெல்ட் மாற்றும் முறை
பவர் டில்லரில் என்ஜினின் விசையைக் கிளட்ச்சுக்குக் கொண்டு செல்பவை வி-பெல்ட்டுகள். ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றுவது சிக்கனமாகாது. பழையவை நீண்டிருப்பதால் பளு முழுவதும் புதியதன் மேல் விழும். விரைவில் அதுவும் அறும். எல்லாவற்றையும் ஒரே அளவில் சேர்த்தே மாற்ற வேண்டும்.

என்ஜினை நிறுத்திய பின்னரே காப்பு மூடியைக் கழற்றவும். ஓடும் பெல்ட்டில் சிக்கிய விரல் தப்பாது. என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கிளட்ச் பக்கம் நகர்த்தினால் பெல்ட் கையோடு வந்துவிடும். திருப்புளியால் நெம்பினால் உள்ளிழை அறும். புதியதை மாட்டியதும் புல்லிகள் நேராக உள்ளனவா என நூல் பிடித்துப் பார்க்கவும். புல்லிகளின் இடைவெளி 60 செ.மீ. எனில், நடுவில் விரலால் அழுத்தும்போது ஏறத்தாழ 1 செ.மீ. தாழ்ந்தால் போதும். மிக இறுக்கினால் பேரிங் கெடும். புது பெல்ட் சற்று நீளும். சில மணி நேரம் உழுதபின் மறுபடி இறுக்கவும்.