மைதாவில் இல்லாத விஷம்

பரோட்டாவுக்கு எதிராகச் சொல்ல என்னிடமே நிறைய இருக்கிறது. ஆனால் அதன் மேல் போட்டிருக்கும் பொய்வழக்கை முதலில் தள்ளுபடி செய்தாக வேண்டும். மைதாவை மிருதுவாக்க ‘அலாக்ஸான்’ என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்களாம். ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். அதனால் ஐரோப்பாவில் மைதாவையே தடைசெய்துவிட்டார்களாம். உணவு வேதியியல் படித்த பாவத்துக்குக் கல்யாணப் பந்தியிலும் ரயிலிலும் என்னைப் பிடித்து இதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது கூடவே ஒரு மண்டை ஓட்டுப் படம் வேறு.

இந்த மூன்றில் எலி மட்டும் உண்மை. அந்த எலியின் முதுகில் ஏறித்தான் மற்ற இரண்டும் ஊர் சுற்றுகின்றன.

அலாக்ஸான் புதுப் பொருள் இல்லை. யூரிக் அமிலத்தை ஆராய்ந்த வோலரும் லீபிக்கும் 1838-லேயே அதை விவரித்துவிட்டார்கள். பிறகு 1943-இல் கிளாஸ்கோவில் ஷா டன் குழுவினர், சிறுநீரகச் சேதத்தை ஆராய்வதற்காக அதை முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அறுத்துப் பார்த்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் செத்துக் கிடந்தன. குளுக்கோஸின் சாயல் இருப்பதால், பீட்டா செல்லுக்குள் சர்க்கரை நுழையும் வழியாகவே இதுவும் நுழைந்து உள்ளே நாசம் செய்கிறது. அன்று முதல் ஆய்வக விலங்குகளுக்கு நீரிழிவை வரவழைக்க இது பயன்பட்டு வருகிறது. இதுவரை சரி.

இனி அளவுக்கு வருவோம். அளவைச் சொல்லாமல் விஷம் என்று மட்டும் சொல்பவரிடம் வேதியியல் பேச முடியாது. எலிக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை, ஒரே தடவையில், ஊசியாகப் போடுகிறார்கள். 60 கிலோ ஆளுக்கு அதே கணக்கென்றால் 6 முதல் 9 கிராம். அதைத் தின்னவும் கூடாது, ஊசியில்தான் ஏற்ற வேண்டும். இந்த ரசாயனத்துக்குத் தண்ணீரே எமன்: உடல் வெப்பத்தில், நடுநிலைக் கரைசலில், ஒன்றரை நிமிடத்தில் பாதி சிதைந்துபோகும். பரோட்டா மாவையோ தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி மூடி, மணிக்கணக்கில் ஊறவைத்து, வீசி, சுருட்டி, கொதிக்கும் கல்லில் போட்டு எடுக்கிறோம். அத்தனையும் தாண்டி எது பிழைத்து வந்து உங்கள் கணையத்தைத் தேடிப்போகும்?

எலிக்கு வந்தது மனிதனுக்கும் அப்படியே வரும் என்பதும் தவறு. மனித பீட்டா செல்கள் அலாக்ஸானை எலியின் செல்களைவிட மிக நன்றாகத் தாங்குகின்றன என்று 1994-இலேயே ஆய்வு வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1940-களில், இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கணையக் கட்டி கொண்ட நோயாளிகளுக்கு, அந்தச் செல்களை அழிக்கலாம் என்ற நம்பிக்கையில் அமெரிக்க மருத்துவர்களே அலாக்ஸானைச் செலுத்திப் பார்த்தார்கள். கிடைத்தது தற்காலிகப் பலன்தான்.

சரி, யார் கலக்கிறார்கள்? மாவில் சேர்க்க அனுமதித்த பொருள்களின் பட்டியலில் அலாக்ஸான் இல்லை. சேர்த்தால் மாவு மிருதுவாகவும் ஆகாது. வெளுக்கப் பயன்படுவது பென்சாயில் பெராக்சைடு போன்ற வேறு பொருள்கள். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்காதது அந்த வெளுப்பான்களைத்தான். மைதாவையே தடைசெய்திருந்தால் பாரிஸ்காரர் பகெட்டை எதில் சுடுவார், நேப்பிள்ஸ்காரர் பீட்சாவை எதில் தட்டுவார் என்று அந்தச் செய்தியை அனுப்புகிறவர் அரை நிமிடம் யோசித்திருக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது இதற்கெல்லாம் மேலான ஒரு காரணத்துக்காக. பீட்டா செல்கள் செத்தால் வருவது இன்சுலினே இல்லாத நிலை. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடுகிறாரே, அது பெரும்பாலும் இரண்டாம் வகை: இன்சுலின் சுரந்தும் உடல் அதன் பேச்சைக் கேட்காத நிலை. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. இத்தனை பேரின் நோயையும் பரோட்டாக் கடை மேல் சுமத்திவிட்டால் வீட்டுத் தட்டை யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

எட்டிப்பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கோதுமை ஆட்டாவில் நார்ச்சத்து 11.36 கிராம், மைதாவில் 2.76 கிராம். தவிட்டையும் முளையையும் நீக்கியதன் விலை அது; மைதாவின் உண்மையான குற்றமும் அதுவே. இப்போது அதே அட்டவணையில் தீட்டிய பச்சரிசியைப் பாருங்கள்: 2.81 கிராம். மைதாவுக்கும் அரிசிக்கும் நடுவே இருப்பது ஒரு சிட்டிகை. ‘நாங்கள் மைதாவைத் தொடுவதே இல்லை’ என்று மார்தட்டிவிட்டு, குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று குன்று சோறு ஏற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான். 21 நாடுகளில் 1.3 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகமாக இருந்தது. சோற்றை விடச் சொல்லவில்லை. ஒரு குன்றைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ, பருப்புக் கூட்டோ, கீரையோ வையுங்கள்.

அதற்காக மாவில் எதுவுமே கலப்பதில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பொட்டாசியம் புரோமேட் என்ற பொருள் நம் பிரெட்டில் உண்மையிலேயே இருந்தது. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2016-இல் கடை பிரெட்டுகளை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட்டது; அடுத்த மாதமே அரசு அதைத் தடைசெய்தது. வதந்தி ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை ஒரு சோதனை அறிக்கை சாதித்தது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நீரிழிவுக்காரருக்கு நல்லதா? இல்லை. நிறம் வேறு, மணம் வேறு, உள்ளே பெரும்பங்கு அதே சுக்ரோஸ். கடலை எண்ணெய்ப் பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போடுகிறார்களே? எந்தத் தாவர எண்ணெயிலும் பேசும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. அந்த வரிக்காகக் கூடுதல் காசு தராதீர்கள். இந்துப்பு? அயோடின் கலக்காத உப்பு ரோஜா நிறத்தில் இருந்தாலும் அயோடின் கலக்காத உப்புதான். பழைய சோற்றில் பி12? வெயிலுக்கு அமிர்தம், சந்தேகமில்லை; ஆனால் நம்பியிருக்கத்தக்க பி12 அதில் இல்லை. பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறுகிறவர்கள் பி12 மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், நீராகாரத்திடம் கேட்காதீர்கள். பாக்கெட் மேலுள்ள பச்சை வட்டம்? அது சைவம் என்று மட்டும் சொல்கிறது. பாமாயிலில் பொரித்து உப்பில் புரட்டிய சிப்ஸுக்கும் அதே வட்டம்தான்.

பாக்கெட் என்றதும் என் பழைய புலம்பல் வந்துவிடுகிறது. பொருள்களை எடை இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் இருப்பதுதான் அதிகம் இருப்பது. அட்டையில் எத்தனை கோதுமைக் கதிர் ஆடினாலும், பட்டியலின் முதல் பெயர் ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்றால் அது மைதா பிரெட். பட்டியலில் 150 என்ற எண் கண்ணில் பட்டால், பிரெட்டின் பழுப்பு நிறத்தில் கேரமலுக்கும் பங்கு உண்டு என்று புரிந்துகொள்ளலாம். இதையெல்லாம் பார்த்து வாங்குங்கள் என்று மேடைதோறும் சொல்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேரால் அதைப் படிக்க முடியாது. 2020-ஆம் ஆண்டு விதி ஆங்கிலம் அல்லது இந்தி இருந்தால் போதும் என்கிறது. மற்ற மொழிகள் விருப்பம் இருந்தால். விளம்பரம் முழுக்கத் தமிழில் பேசுகிற கம்பெனிக்கு, பாமாயில் என்று நான்கு எழுத்தைத் தமிழில் அச்சிட மட்டும் விருப்பம் வருவதில்லை. எழுத்தின் அளவோ, கண்ணாடி போட்ட எனக்கே சவால்.

அலாக்ஸான் செய்தியை இருபது பேருக்கு அனுப்புகிற விரலுக்கு வேறு வேலை இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிகளைத் திருத்துமுன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அடுத்த முறை லேபிள் விதி வரைவு வரும்போது, தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் பொருள் பட்டியல் தமிழிலும், படிக்கும் அளவிலும் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.