தஞ்சாவூரில் இரண்டு நாள்

கேள்வி: வார இறுதியில் தஞ்சாவூர் செல்வோர் எவற்றை, எந்த வரிசையில் காண்பது நல்லது?

பதில்: முதலாம் இராசராசன் கட்டி 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலுக்குக் கல்தளம் சுடாத அதிகாலையே உள்ளூரார் பரிந்துரைக்கும் வேளை, அப்போது கருவறைமேல் எழும் விமானத்தையும், சுவரைத் தாங்கும் அடித்தளமாகிய அதிட்டானத்தில் பொறித்த கல்வெட்டுகளையும் நிதானமாகக் காணலாம். கோயில் நடை சாத்தும் நண்பகலில் அரண்மனைக் கலைக்கூடத்துக்குச் சென்று, மெழுகு உருவின்மேல் மண் பூசிச் சுட்டு, உருகி வெளியேறிய மெழுகின் இடத்தில் உலோகம் வார்த்த சோழர் காலத் திருமேனிகளைப் பார்த்தபின், அவ்வளாகத்திலேயே மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி சுவடிகள் சேர்த்து வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தையும் காண வேண்டும். மறுநாளைக் கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்துக்கே ஒதுக்குவது தகும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாற்றைச் சொல்லும் சிறு சிற்பங்கள், சோழர் கலை பேருருவில் மட்டுமன்றி நுண்மையிலும் உச்சம் தொட்டதை உணர்த்தும்.